கூடைக்குக் கீழே

போன வருட பாஸ்கெட்பால் இறுதிப்போட்டியில் எதிரணியில் ஆடி, தன்மேல் மோதி முழங்காலை உடைத்த மாறனையே கோச் இந்த வருடம் அணிக்குள் கொண்டுவந்தது கேப்டன் பெலிக்ஸுக்குப் பொறுக்கவில்லை.

"கோப்பை வேணும்னா அவன் வேணும். அவனை மாதிரி தடுத்து ஆட நம்மகிட்ட ஆள் இல்ல," என்றார் கோச்.

முதல் நாள் பயிற்சியிலேயே கூடைக்குக் கீழே இருவரும் மோதிக்கொண்டார்கள். பெலிக்ஸ் விழுந்தான். மற்றவர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மாறன் குனிந்து கை நீட்டினான்.

"அன்னைக்கும் இப்படிக் கை கொடுத்திருக்கலாம்," என்றான் பெலிக்ஸ்.

"கொடுத்தேன்ணா. ரொம்ப நேரம் நின்னேன். நீங்க கண்ணையே திறக்கல."

வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தது மட்டும்தான் பெலிக்ஸுக்கு ஞாபகம் இருந்தது. மாறன் கையை மடக்கவில்லை. தரையில் ஊன்றியிருந்த தன் கையை பெலிக்ஸ் மெல்ல எடுத்தான்.