கரையும் பந்து

"பூமியின் வயிற்றைத் துளைக்கத் தொடங்கிய நாள் முதல் மனிதகுலம் காத்திருந்த தருணம் இது" என்று வரவேற்புரை எழுதி வைத்திருந்தார் ஆய்வக இயக்குநர் அம்பலவாணன். காத்திருந்தது என்னவோ சிறப்பு விருந்தினரான எண்ணெய் நிறுவன அதிகாரிக்காகத்தான். எண்ணெய்க் கிணற்றுக் குழாயை அடைத்து நின்று, வேலை முடிந்ததும் சூட்டில் தானாகக் கரைந்துபோகும் பிளாஸ்டிக் பந்து, காலையிலேயே கொதிக்கும் உப்புத் தண்ணீர் ஜாடியில் இறங்கிவிட்டது. பதினொரு மணிக்கு அவர் கண்ணெதிரே அது மறைய வேண்டும். ஆர்டர் கிடைக்காவிட்டால் ஆய்வகத்தையே மூடிவிடுவார்கள். பந்தைச் செய்த செங்கமலம் ஜாடிக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தாள்.

பத்தே முக்கால். ஆளைக் காணோம். பந்து நெல்லிக்காயளவு ஆகிவிட்டது.

"ஐஸைக் கொட்டும்மா. அவர் வர்ற வரைக்கும் தாங்கணும்."

"அப்புறம் கரையாது சார்."

"வந்ததும் சுடுதண்ணி ஊத்திக்கலாம். கொட்டு, கொட்டு."

மூன்று தடவை ஐஸ் கொட்டிய பிறகு, ஒன்றரை மணிக்கு வந்தார் அதிகாரி. கழுத்து மாலையோடு நேராக ஜாடிக்குப் போனார். செங்கமலம் சுடுதண்ணீரோடு ஓடி வருவதற்குள் குனிந்து பார்த்தும்விட்டார்.

"அடேயப்பா, என்ன வேகமாக் கரையுது!"

"சார், அது வந்து..." என்றவளின் காலை அம்பலவாணன் மிதித்தார். கைதட்டல் எழுந்தது. ஆர்டரில் கையெழுத்தும் விழுந்தது.

அவர் பார்த்தது ஐஸ் கட்டியை. பந்து அடியில் நெல்லிக்காயளவில் அப்படியே கிடந்தது.