ஐந்து மணி இரைச்சல்

சந்தேகமே இல்லை, திருடன் 402-இல்தான் இருந்தான். ஹொன்மா கையடக்க ரேடியோவை அந்தக் கதவுப் பக்கம் மெல்லத் திருப்பினார். 'கொர்ர்ர்' என்று உறுமியது. பக்கத்து வீட்டுக் கதவருகே இதில் பாதிகூட இல்லை.

அழைப்பு மணியை அழுத்தினார். இகாராஷி என்ற அறுபது வயது அம்மாள் எட்டிப் பார்த்தாள். பதினோரு வருஷமாக ஒரே கட்டிடம்தான். படியில் பார்த்தால் இரண்டு பேரும் குனிந்து வணங்கிக்கொள்வதோடு சரி.

"மன்னிக்கணும். கீழ 302, ஹொன்மா. உங்க வீட்டுல ஏதோ ஒண்ணு என் ரேடியோவைப் பேசவிடாம பண்ணுது."

"ஐயையோ, என் வீட்டுலயா? நான் பாட்டுக்கு மீன் தொட்டிக்கு லைட்டுதான் போட்டேன்!"

ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கினாள். உறுமல் சட்டென்று நின்றது. ஹொன்மா சிற்றலைக்கு மாற்றினார். கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சீனத்துப் பெண் கணீரென்று பேசினாள்.

"அடேயப்பா! இது ரேடியோவா, போலீஸ் நாயா?"

"ரெண்டும்தான். மோப்பம் பிடிச்சே மாடி ஏறிடுச்சு."

சொல்லிவிட்டு ஹொன்மாவே திடுக்கிட்டார். தான் கிண்டலாக ஒரு வார்த்தை பேசி எத்தனை நாளாயிற்று!

தபால் பிரிக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மனைவி காலமாகி மூன்று வருஷம் ஆகிறது. சில நாட்களில் காலையிலிருந்து ராத்திரி வரை அவர் வாயிலிருந்து வருவது, கடைக்காரப் பெண்ணிடம் சொல்லும் 'பை வேண்டாம்' மட்டும்தான். வீட்டில் ஒரு குரல் வேண்டும். அதற்காகத்தான் இந்த ரேடியோ.

பிடிக்காவிட்டால் ஞாயிற்றுக்கிழமைக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்று கடையில் சொல்லியிருந்தார்கள். அதுவரை தினமும் மாலை ஐந்து மணிக்குப் பரீட்சை. அதே ஜன்னல், அதே நிலையங்கள், நோட்டில் ஐந்துக்கு இத்தனை என்று மார்க். முதல் நாளான திங்கட்கிழமை மத்திய அலைக்கு இரண்டு, சிற்றலைக்கும் இரண்டு.

செவ்வாய்க்கிழமை ஐந்து மணிக்கு மறுபடியும் உறுமல். இந்தத் தடவை தையல் மெஷின்.

"இடைஞ்சல் பண்ணினது நான். டீ கொடுக்காம அனுப்பினா எனக்குத் தூக்கம் வராது. உக்காருங்க ஹொன்மா சான்" என்று மரியாதையாக அழைத்து அரிசி பிஸ்கட்டை நகர்த்தினாள் இகாராஷி.

புதன்கிழமை, கால் பிடித்துவிடும் மெஷின். அதன் வயரில் பழைய சாமான் கடையின் விலைச்சீட்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. வியாழக்கிழமை தலைமுடி காயவைக்கும் மெஷின்.

"உங்க வீடு என்ன, மின்சாதனக் கண்காட்சியா?"

"என்ன பண்றது, தனிக்கட்டை. எதையாவது ஓடவிட்டாத்தான் வீட்டுல சத்தம்னு ஒண்ணு இருக்கு" என்றாள். சிரித்தபடிதான் சொன்னாள். ஹொன்மா இன்னொரு டீ கேட்டு வாங்கிக்கொண்டார்.

நாளுக்கு நாள் இரைச்சல் கூடியது, ரேடியோவின் மார்க் இறங்கியது. ஹொன்மாவோ வெள்ளிக்கிழமையன்று பளபளவென்று முகம் மழித்துக்கொண்டு மாடி ஏறினார்.

கிளம்பும்போது அவள் கேட்டாள். "நாளைக்கும் அஞ்சு மணிதானே?"

"அஞ்சுதான். ஞாயித்துக்கிழமை முடிவு சொல்லியாகணும். திருப்பிக் கொடுத்துட்டா அப்புறம் இந்தத் தொந்தரவு இருக்காது."

"ஓ" என்றாள் இகாராஷி.

படிக்கட்டுச் சுவரில் குடியிருப்புச் சங்கம் ஏதோ அறிவிப்பு ஒட்டியிருந்தது. அவரிடம் மூக்குக்கண்ணாடி இல்லை. 'சனிக்கிழமை, மாலை நான்கு மணி' என்ற பெரிய எழுத்து மட்டும் கண்ணில் பட்டது.

சனிக்கிழமை. மே மாத வெயில் ஜன்னல் வழியாக மேஜைமீது விழுந்துகொண்டிருந்தது. ஐந்து மணிக்கு ரேடியோவைப் போட்டார்.

உறுமல் இல்லை. துளிக்கூட இல்லை.

மத்திய அலையில் பக்கத்து மாவட்டமெல்லாம் வரிசையாக வந்தது. சிற்றலையில் கொரியா வந்தது, சீனா வந்தது, யாரோ எங்கோ மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. ஐந்துக்கு ஐந்து போட வேண்டும். பேனாவை எடுத்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். எல்லாக் குரலும் வீடு நிறைய வந்துவிட்டது. ஒன்றாவது 'உக்காருங்க ஹொன்மா சான்' என்று சொல்லுமா?

மேலே எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டாள் போலிருக்கிறது. இனி எந்த முகத்தோடு போய் நிற்பது?

ஐந்தேகால் ஆயிற்று. ஐந்து இருபது ஆயிற்று. ஹொன்மா எழுந்தார். நிலையம் எதுவும் இல்லாத இடத்துக்கு முள்ளை நகர்த்தினார். வெறும் இரைச்சல். அதைக் கூட்டி வைத்துக்கொண்டு, அறுபத்தெட்டு வயதில் திருட்டு முழியோடு மாடி ஏறினார்.

மணியை அழுத்தினார். அது அடிக்கவில்லை. கதவைத் தட்டினார்.

தட்டிய கையை எடுப்பதற்குள் கதவு திறந்தது.

"மன்னிக்கணும் இகாராஷி சான். இன்னிக்கும் உங்க வீட்டுலேர்ந்துதான்..."

அவர் பார்வை கீழே போயிற்று. அவள் காலடியில் மீன் தொட்டி விளக்கு, தையல் மெஷின், கால் பிடித்துவிடும் மெஷின், முடி காயவைக்கும் மெஷின் என நான்கும் வரிசையாக இருந்தன. எல்லாம் பிளக்கில் மாட்டியிருந்தன. எதிலும் சத்தம் இல்லை.

இகாராஷி ரேடியோவைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அவள் முகம் காதுவரை சிவந்தது.

"நாலு மணியிலேர்ந்து கட்டிடம் முழுக்கக் கரண்ட் இல்ல ஹொன்மா சான், எதைப் போட்டு உங்களை வரவழைக்கறதுன்னு தெரியாம தவிச்சுக்கிட்டிருந்தேன்!"