பேதுருவின் கதிரை

"சுவாமி, இந்த முறையும் இன்னாசித்தம்பி அண்ணையைப் பேதுருவாய் இருத்தினியளெண்டால், உங்கடை பல்லுக்கு நான் பொறுப்பில்லை!"

கோயில் மூப்பர் கிறிஸ்ரி சொன்னதும் பங்குச் சுவாமியார் தையல் தழும்பிருந்த மேலுதட்டைத் தடவிக்கொண்டார்.

போன வருடப் பெரிய வியாழன் அன்று, பன்னிரண்டு சீடர்களாய் இருந்தவர்களுக்கு ஆளுக்கொரு பாதம் கழுவக் குனிந்தவருக்கு முதல் கதிரையிலிருந்தே உதை விழுந்தது. பேசின் பறந்துபோய் யூதாசாக இருந்த றொகானின் மடியில் கவிழ்ந்தது. அதில் மட்டும் சபைக்குத் திருப்தி.

"நான் வேணுமெண்டோ உதைச்சனான்?" என்றார் இன்னாசித்தம்பி. "கூச்சம், சுவாமி! பாதத்திலை விரல் பட்டால் நான் என்ரை வசத்திலை இல்லை."

"பேதுரு கூசேல்லையே?" என்றான் கிறிஸ்ரி.

"ஆர் சொன்னது? காலைக் கழுவ விடமாட்டன் எண்டு முதலிலை சண்டை பிடிச்சவர் ஆர்? பேதுருதானே! அந்தாளுக்கும் கூச்சம்தான்."

சுவாமியார் அவசரமாக முகட்டைப் பார்த்தார்.

"சரி, இன்னாசியண்ணை. இந்த ஒருமுறை இருங்கோ. சிரிச்சியளோ, உதைச்சியளோ, அடுத்த வருசம் கதிரை கிறிஸ்ரிக்கு."

தன் தகப்பன் இருந்த கதிரை. அதைக் கிறிஸ்ரிக்குக் கொடுப்பதைவிட யூதாசுக்கே கொடுக்கலாம் என்பது இன்னாசித்தம்பியின் கட்சி.

அன்றே வீட்டில் பயிற்சி தொடங்கியது. மனைவி மாகிறேற் தென்னந்தும்பால் உள்ளங்காலைத் தொட்டாள். அவர் கதிரையோடு மல்லாந்தார்.

"ஆண்டவர் எவ்வளவு பாடுபட்டவர்! உங்களாலை ஒரு கூச்சத்தைத் தாங்கேலாதோ? அவர் வாங்கின சவுக்கடியை நினையுங்கோப்பா!"

"சவுக்கடியெண்டால் தாங்கிப்போடுவன், மாகிறேற். உது தடவல்!"

பெரிய வியாழனும் வந்தது. மாகிறேற் பெண்கள் பக்கத்தில் கண்ணை மூடிச் செபமாலை உருட்டினாள். துவாயோடு நின்ற கிறிஸ்ரியின் பார்வை இன்னாசித்தம்பியின் உதட்டைவிட்டு அசையவில்லை.

சுவாமியார் முழந்தாளிட்டார். தண்ணீர் வார்த்துப் பாதத்தைக் கையில் எடுத்தவர், ஒருகணம் நிமிர்ந்து பார்த்தார். இன்னாசித்தம்பி சிலுவையில் பாடுபட்ட சுரூபத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சுவாமியார் மறுபடி குனிந்து, விரலிடுக்கெல்லாம் கழுவித் துடைத்து, உதடு பதித்துக் கொஞ்சினார். இன்னாசித்தம்பிக்கு உதட்டோரம்கூடத் துடிக்கவில்லை. முன்வரிசைக் கிழவிகள் மூக்கைச் சிந்தினார்கள்.

பூசை முடிந்ததும் கிறிஸ்ரி ஓடிவந்து கையைப் பிடித்தான்.

"அண்ணை, உங்கடை பொறுமைக்கு முன்னாலை நான் தூசு. சாகுமட்டும் கதிரை உங்களுக்குத்தான்!"

"எல்லாம் ஆண்டவற்றை கிருபை, தம்பி," என்று தாழ்மையோடு சொன்னார் இன்னாசித்தம்பி.

வீட்டுப் படலையைத் திறந்ததும் மாகிறேற் கேட்டாள்:

"எப்பிடியப்பா தாங்கினனீங்கள்? சவுக்கடியையோ நினைச்சனீங்கள்?"

"ஒண்டையும் நினைக்கேல்லை." அவர் வேட்டியை உயர்த்தி, மிதிவெடி கொண்டுபோன இடது காலுக்குப் பதிலாகப் பூட்டியிருந்த றப்பர்க் காலைத் தட்டினார். "வலதை ஒளிச்சுப்போட்டு இவரை நீட்டினனான். இவ்வளவு காலமும் என்னைச் சுமக்கிறார், பாவம், ஒரு சொட்டுத் தண்ணி ஆரும் வாத்தவையே? சுவாமியும் கொஞ்சிப்போட்டு எழும்பேக்கை காதுக்குள்ளை சொன்னவர், 'அடுத்த வருசமும் இவரையே கூட்டிக்கொண்டு வாங்கோ' எண்டு."