சேர்த்துக் கட்டிய படகுகள்

“நாம திரும்ப வேண்டிய கிளைக் கால்வாய் முந்தாநாளே போயிடுச்சு, ஹேசல். இன்னும் எத்தனை லாக் அந்தப் பெரியவர் கூடவே ஏறப்போறோம்?”

நைஜல் குரலைத் தாழ்த்தித்தான் கேட்டான். பெரியவர் வால்டரின் படகு அதே லாக்குக்குள், நீரை நிரப்பிப் படகை மேல்மட்டக் கால்வாய்க்கு ஏற்றும் அந்தக் கதவுத் தொட்டிக்குள், கை நீட்டினால் தொடும் தூரத்தில் நின்றது. பின்பக்கக் கதவுகள் மூடியாயிற்று. மதகு வழியே தண்ணீர் பொங்கி உள்ளே வர, இரண்டு படகுகளும் அக்கம்பக்கமாக மெல்ல மேலே எழும்பின.

“அவர் போற வரைக்கும்,” என்றாள் ஹேசல்.

“பர்மிங்ஹாம்ல நம்ம பொண்ணு காத்துக்கிட்டிருக்கா!”

“அவகிட்ட பேசிட்டேன்.”

நைஜலுக்கு எரிச்சலாக வந்தது. போன வாரம் பழக்கமானவர் வால்டர். மனைவி இறந்த பிறகு படகே வீடாகத் தனியாக இருப்பவர். சேர்ந்து ஏறினால் தண்ணீரும் மிச்சம், கதவு தள்ளவும் துணை ஆச்சு என்று தொடங்கிய சகவாசம். இப்போதோ அவர் விடியலில் கிளம்பினால்கூட, இவள் இரவு உடையோடு ஓடிப்போய் இன்ஜினைக் கிளப்புகிறாள்.

மனுஷன் தங்கமானவர்தான், அதில் சந்தேகமில்லை. முதலில் பித்தளைக் கெட்டிலைக் கொடுத்தார். நேற்று, ஆயுசெல்லாம் சேர்த்த கருவிகளைப் பெட்டியோடு தூக்கிக் கொடுத்துவிட்டார்.

“தங்கச்சி வீட்டோட போயிடப் போறேன் தம்பி. அங்க எனக்கு ஸ்பானர் எதுக்கு? அவளையா முடுக்கப் போறேன்?” என்று சிரித்தார். நைஜல் வாய் நிறைய நன்றி சொல்லி வாங்கிக்கொண்டான்.

இன்று தன் நாயைத் தூக்கி நீட்டினார்.

“பிப்பியையும் நீங்களே வச்சுக்கோங்கம்மா. தங்கச்சி இருக்கிறது மாடி வீடு, நாய் ஆகாதாம். இவளுக்கும் என் சமையலைவிட உன் சமையல்தான் பிடிச்சிருக்கு.”

ஹேசல் நாயை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். அவள் முகம் வெளுத்திருந்தது. நாய் கிடைத்ததற்கு யாராவது இப்படி ஆவார்களா என்று நைஜல் நினைத்தான்.

லாக் நிரம்பியது. நைஜல் கரையேறி முன்கதவுகளைத் தள்ளித் திறந்துவிட்டு வந்தான்.

வால்டர் தொப்பியைக் கழற்றினார். “இதுதான் கடைசி லாக். இனி ஏரி வரைக்கும் ஏத்தம் இறக்கம் இல்ல. நான் தனியாப் போய்க்கிறேன். நீங்க திரும்புங்க. நல்லா இருங்க ரெண்டு பேரும்.”

அவர் படகை நகர்த்தினார். கூடவே நைஜலின் படகும் நகர்ந்தது. அவன் திடுக்கிட்டுப் பார்த்தான். முன்னும் பின்னுமாக இரண்டு படகுகளையும் ஹேசல் இறுக்கிச் சேர்த்துக் கட்டியிருந்தாள்.

“என்ன ஹேசல் இது? அவரை விடு!”

“மாட்டேன்.”

“தங்கச்சி காத்துக்கிட்டிருப்பாம்மா,” என்றார் வால்டர். “ஏன் இப்படிப் பிடிச்சு வச்சிருக்க?”

ஹேசல் கயிற்று முடிச்சின் மேலிருந்து கையை எடுக்கவில்லை.

“எங்க அண்ணன் கீத் தன் உயிரை முடிச்சுக்கிறதுக்கு முந்தின வாரம், இப்படித்தான் ஒவ்வொண்ணா எல்லாருக்கும் எடுத்துக் கொடுத்தான். வெளிநாடு போறேன்னு சொன்னான். நாங்களும் சந்தோஷமா வாங்கி வச்சுக்கிட்டோம்.”

மச்சான் கொடுத்த கேமரா இன்னமும் நைஜலின் அலமாரியில்தான் இருக்கிறது.

வால்டர் குனிந்து இன்ஜினை அணைத்தார்.

“எனக்குத் தங்கச்சின்னு யாரும் கிடையாதும்மா.”