இடப்பக்கத்து அலியூன்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. பொய்யென்றால் அடுத்த கவளம் என் தொண்டையில் இறங்காமல் போகட்டும்.

எங்கள் ஊர் குமாசியில் என்னோடு லாரி ஓட்டிய அலியூன் கூப்பிட்டான் என்று அவன் ஊரான டாக்காருக்குப் போனேன். அந்த ஊர் மொழி எனக்கு ஒரு சொல்லும் தெரியாது. அலியூன் பெயரைச் சொன்னேன். யாரோ ஒரு வீட்டைக் காட்டினார்கள். கும்பா என்ற அம்மாள் என் பெட்டியை வாங்கி உள்ளே வைத்தாள்.

மதியம் பெரிய தாம்பாளத்தில் மீன் சோறு வந்தது. சுற்றி உட்கார்ந்து அவரவர் முன்னால் இருப்பதை மட்டும் சாப்பிட வேண்டும். கும்பா மீனைப் பிய்த்து என் பக்கம் தள்ளினாள். எல்லோரும் சிரித்துப் பேசினார்கள். நான் ஊமையாக மென்றேன்.

அப்போது அலியூன் என் இடப்பக்கம் வந்து உட்கார்ந்தான். “என்னடா க்வாக்கு, பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி கொறிக்கிற? அள்ளித் தின்னுடா!” என்றான், எங்கள் ட்வி மொழியில். எனக்கு உயிர் வந்தது.

தினமும் வந்தான். அவன் எவ்வளவு தின்றும் அவன் பக்கத்துச் சோறு குறையவில்லை. கேட்டால் வராமல் போய்விடுவானோ என்று கேட்கவில்லை. பேச எனக்கு வேறு யார் இருந்தார்கள்?

வெள்ளிக்கிழமை வாசலில் ஒரு கத்தல். “டேய் கிழவா! ஊரெல்லாம் உன்னைத் தேடுறேன், நீ யார் வீட்டுலயோ உக்காந்து தின்னுக்கிட்டிருக்கியா?”

அதுவும் அலியூன்தான். கும்பா அவனையும் உட்கார வைத்தாள், என் வலப்பக்கம்.

“யாருடா இவன், உனக்குத் தெரிஞ்சவனா?” என்றான் இடப்பக்கத்து அலியூன், என் காதோடு.

நான் மீனைப் பிய்த்து இருவர் பக்கமும் தள்ளினேன். இருவரில் ஒருவரையும் இழக்க எனக்கு மனமில்லை.

பிறகுதான் தெரிந்தது, அது நோன்பு மாதம். அந்த வீட்டில் மதியத்தில் யாரும் சாப்பிடுவதில்லை. அப்படியென்றால் அந்தத் தாம்பாளத்தைச் சுற்றி என்னோடு உட்கார்ந்து தின்றவர்கள் யார்?