தங்கப்பழம் வீட்டு விருப்பம்

அந்த மத்திய அலை வானொலிக்கு விளம்பரமும் கிடையாது, புதிய நேயர்களும் கிடையாது. ஆனாலும் பழைய பாடல் கேட்டு வரும் விருப்பங்கள் மட்டும் குறையவே இல்லை. நேயர் இறந்த பிறகும், அவர் வழக்கத்தைக் கற்றுவைத்திருந்த வீட்டு உதவி இயந்திரங்கள் அவர் பெயரில் விருப்பம் அனுப்பிக்கொண்டிருந்தன. அறிவிப்பாளர் லூர்துராஜுக்கு அது தெரியும். தெரிந்தேதான் அந்தப் பெயர்களை வாசித்தார். விட்டால் வாசிக்க வேறு பெயர் ஏது?

அன்று காலை அபூர்வமாகத் தொலைபேசி அடித்தது.

"கோவில்பட்டி தங்கப்பழம் மக செண்பகவடிவு பேசுதேன். அப்பா செத்து ரெண்டு வருசமாச்சு. வீடு பூட்டிக் கெடக்கு. நீங்க இன்னும் அவுக பேரை வாசிக்கீங்க."

"மன்னிச்சிருங்கம்மா. இனிமே வாசிக்கல."

"ஐயோ, அதுக்கா கூப்பிட்டேன்? நேத்து அவுக பேரோட என் பேரையும் வாசிச்சீங்களே! அன்வரைக் கட்டிக்கிட்ட நாள்லேருந்து சாகுற வரைக்கும் அப்பா என் பேரைச் சொன்னதே இல்ல சார். யாரு சேத்தா?"

லூர்துராஜ் நேற்றைய பட்டியலைத் திறந்தார். அந்த வீட்டு இயந்திரம் அனுப்பியதிலேயே அவள் பெயரும் இருந்தது.

"நாளைக்கும் வருமா?" என்றாள்.

அவர் திரையைப் பார்த்தார். நாளைய விருப்பம் அப்போதே வந்திருந்தது. விரும்பிக் கேட்பவர்கள்: தங்கப்பழம், மகள் செண்பகவடிவு, மருமகன் அன்வர்.