சாப்பாட்டு நேரத்துப் பேச்சு

எங்கள் மாலை வகுப்பு தொடங்க இன்னும் நேரம் இருக்கிறது. அதே அறையில், முன்மேசையில், ஒரு டீச்சரும் ஒரு சிறுமியின் அம்மாவும் பேசும் கூட்டம் முடியாமல் நீள்கிறது. இருக்கலாமா, எழுந்து போகலாமா என்று தெரியாமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். சாய்ந்த வெயில் மேசைமேல் உள்ள, படத்தைத் தொட்டால் பேசும் பலகையில் விழுந்து, படங்களை மறைக்கிறது. வாய்ப்பேச்சு வராத அந்தச் சிறுமி அதற்கு உள்ளங்கையால் நிழல் தருகிறாள். அவளுடைய இந்த வருடக் கல்வித் திட்டத்தை டீச்சர் எழுதிக்கொண்டிருக்கிறார். "எல்லா வகுப்புலயும் இந்தப் பலகை அவகிட்டயே இருக்கும். சாப்பிடுறப்ப மட்டும் அலமாரில வச்சிடுவோம். குழம்பு கொட்டினா போச்சு." அம்மா நிமிர்கிறாள். "அப்ப மட்டும் இவ வாயைப் பூட்டிடுவீங்களா டீச்சர்? பிள்ளைங்க அரட்டை அடிக்கிறதே அப்பதானே. இவ மட்டும் சும்மா மென்னுக்கிட்டு இருக்கணுமா?" குரல் ஏறிக்கொண்டே போகிறது. சிறுமியின் விரல் மூன்று படங்களைத் தேடித் தொடுகிறது. பலகை ஏற்ற இறக்கமில்லாமல் சொல்கிறது: "அம்மா. பேச்சு. போதும்." டீச்சர்தான் முதலில் சிரிக்கிறார். "எங்க வீட்டுக்கும் இப்படி ஒண்ணு வேணும்." "பாத்தீங்களா, என்னையே அடக்குறா," என்று அம்மா பெருமையாக முறைக்கிறாள். விரல் மறுபடி இறங்குகிறது. "சாப்பாடு," என்கிறது பலகை, அடுத்து, முன்பல் இல்லாத ஒரு தோழியின் படம், அவளுடைய பட்டப்பெயரில்: "குண்டூஸ்." டீச்சரின் சிரிப்பு அடங்குகிறது. எழுதிய வரியை அடித்துவிட்டு, 'சாப்பாட்டு நேரத்திலும்' என்று எழுதுகிறார். பிறகு இழுப்பறையிலிருந்து கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் உறை ஒன்றை எடுத்துப் பலகைக்கு மாட்டுகிறார். "இதுக்கு மேல தொட்டா பேசுதான்னு பாரு கண்ணு." சிறுமி அழுத்திப் பார்க்கிறாள். "அம்மா. பேச்சு. போதும்." அம்மா இந்த முறை வாயே திறந்திருக்கவில்லை.